ஆகாய மார்க்கமாய் வரும் அச்சுத் தந்தி



வெளியூருக்கு ஓர் ஆளை அனுப்பி ஒரு விஷயத்தை விசாரித்து வரச் சொன்னால், அவ்வாள் கொண்டுவரக்கூடிய விடை மூன்று வகைப்படும். உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது மற்றொன்று. காதில் சரியாக விழவில்லை என்பது மூன்றாவது. முதலிரண்டையும் யாரும் சொல்லிவிடுவர். மூன்றாவதைச் சொல்லுவதற்குத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. கேளாததைக் கேட்டதுபோலச் சொல்லிவிடும் ஆளினால் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் உண்டான மனஸ்தாபங்கள் எல்லாரும் அறிந்தவையே. கம்பியின் உதவியின்றி ஆகாய மார்க்கமாகச் செய்தியைப் பெற்று அச்சிட்டே கொடுக்கும் டெலிபிரிண்டர் யந்திரமும் வெகுகாலம் இத்தகைய ஆளாகவே இருந்து வந்தது. மூன்றாவது விடையைச் சொல்ல அது கற்றுக்கொண்ட விதமே இன்று சொல்லப்புகும் விஷயம்.

தந்தியில் இரு வகை உண்டு. மார்ஸ் தந்தியில் செய்தி குறிலும் நெடிலுமான ஓசையாக வரும். அதைத் தந்தி குமாஸ்தா காதினாற் கேட்டுக் கையினால் எழுதுவார். ஓசை குழம்பினால் அவருக்குச் சந்தேகம் தோன்றும். உடனே, இன்ன சொல் விளங்கவில்லை, திரும்ப அடிக்கவும் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். டெலிபிரிண்டரிலோ காதும் இல்லை, சந்தேகமும் இல்லை. அனுப்புமிடத்தில் ஒருவர் டைப் அடிக்கிறார். வாங்குமிடத்தில் அதே எழுத்துக்கள் தாமாகவே காகிதத்தில் பதிகின்றன. நள்ளிரவில் ஆளில்லாத அறையிலும் பதியும். வேகமும் மிச்சம், கூலியும் மிச்சம். ஆனால் வழியில் எழுத்து மாறிப்போனாலும் யந்திரம் அதே சுத்தமான அச்சில்தான் பதிக்கும். கையெழுத்தாயிருந்தால் தடுமாற்றமாவது தெரியும். அச்சிலோ பொய்யும் மெய்யும் ஒரே முகமாய் நிற்கும். அச்சிற் கண்டதைப் படிப்பவரும் எளிதில் நம்பிவிடுவர்.

எழுத்து எவ்வாறு மாறுகின்றது என்பதை அறிய யந்திரத்தின் பாஷையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். திருக்கார்த்திகையன்று திண்ணையில் ஐந்து அகல் விளக்குகளை வரிசையாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்க. ஒவ்வொன்றையும் ஏற்றலாம், அல்லது ஏற்றாமல் விடலாம். இவ்விதம் மாற்றி மாற்றி வைத்தால் மொத்தம் 32 கோலங்கள் உண்டாகும். முதல் விளக்கு மாத்திரம் எரிந்தால் ஆங்கில எழுத்து ஈ. ஐந்தாவது மாத்திரம் எரிந்தால் டீ. இப்படி ஒவ்வொரு கோலத்திற்கும் ஓர் எழுத்து. ஐந்து குறிகளால் எழுத்தைக் காட்டும் இம்முறைக்கு 1874-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் உரிமை பெற்றவர் எமில் போதோ என்பவர். தந்தி வேகத்தின் அளவைக்குப் 'பாட்' என்ற பெயர் வந்தது இவராலேயே. பின்னர் நியூஜீலாந்து தேசத்தாரான டொனால்டு மர்ரே என்பவர் 1901-ஆம் வருஷத்தை ஒட்டி டைப்ரைட்டர் கட்டைகளோடு இதனைப் பொருத்தி, கோலங்களையும் மாற்றியமைத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்களுக்குக் குறைந்த விளக்குகள் என்பது அவருடைய ஏற்பாடு. காகித நாடாவில் துளையிடும் ஊசிகள் தேய்வது அதனாற் குறையுமல்லவா? கணக்கறிந்த மனிதர்.

நிற்க. 32 கோலங்கள் எழுத்துக்களுக்கே ஏறக்குறையச் சரியாகிவிட்டன. இலக்கங்களுக்கு இடம் ஏது? ஆகையால் ஒரே கோலத்திற்கு இரண்டு பொருள் வைத்தார்கள். 'இனி வருபவை இலக்கங்கள்' என்று ஒரு கோலம். 'இனி வருபவை எழுத்துக்கள்' என்று மற்றொரு கோலம். முன்னதை அனுப்பியபின் டைப்ரைட்டரின் மேல்வரிசையில் உள்ள கியூ 1 ஆகும், டபிள்யு 2 ஆகும், ஈ 3 ஆகும், கடைசியிலுள்ள பீ சைபராகும். பின்னதை அனுப்பும்வரையில் யந்திரம் இலக்கமாகவே அடித்துக்கொண்டு போகும். இந்தச் சிக்கனத்தில்தான் வினை புகுந்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

ஐந்து விளக்குகளையும் ஒருங்கே காட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதே தந்தியின் வழக்கம். நிமிஷத்திற்கு 60 வார்த்தை அடிக்கும் பழைய யந்திரத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஒதுக்கிய காலம் ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் 22 கூறு. முதலில் 'புறப்படு' என்ற குறி. பிறகு ஐந்து குறிகள். முடிவில் 31 கூறு நீளமுள்ள 'நில்' என்ற குறி. ஆக ஓர் எழுத்துக்கு 163 கூறு. இரண்டு ஊர்களிலும் உள்ள மோட்டார்கள் ஒரே வேகத்திற் சுழல வேண்டும். சுழலும் பாகத்தில் பூசிய கோடுகளை அதிரும் இசைக்கவையின் இடுக்கு வழியாகப் பார்த்து, அவை அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும்வரையில் வேகத்தைத் திருத்துவார்கள். எழுத்துக்கு எழுத்து புதிதாகப் புறப்படுவதனால், சிறிது வேக வித்தியாசம் இருந்தாலும் அது சேர்ந்து வளர்வதில்லை.

கம்பியின் மேல் இவ்வேற்பாடு செவ்வனே நடைபெற்றது. கடலின்மேற் செல்லும் கப்பலுக்கும் ஆகாய விமானத்திற்கும் கம்பி இழுக்க முடியாதாகையால், ரேடியோ அலையின் மேலேற்றி அனுப்பும் முயற்சி பிறந்தது. 1922-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கடற்படை இலாகா ஒரு விமானத்திற்கும் தரையிலுள்ள ரேடியோ நிலையத்திற்கும் இடையே அச்சுத் தந்தியைச் சோதித்து வெற்றி கண்டது. அவ்வருஷத்திலேயே மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சாத்தம் நிலையத்திலிருந்து மெஜஸ்டிக் என்னும் கப்பலுக்கு இவ்விதமாகச் செய்தி அனுப்பப்பட்டது. 1932-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலேயே ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கும் ஹானலூலுவுக்கும் இடையே வியாபார முறையில் இது நடந்து வந்தது. 1934-க்குள் ஸான்பிரான்ஸிஸ்கோவையும் நியூயார்க்கையும் இணைத்தது.

ஆனால் கம்பி வேறு, ஆகாயம் வேறு. தூரதேசத்திற்குச் செல்லும் ரேடியோ அலை வானத்தின் மேற்புறத்தில் உள்ள மின்மயமான அடுக்குகளில் மோதித் திரும்பி வருவது. அவ்வடுக்குகள் நிலையாக இருப்பதில்லை. ஒரு க்ஷணம் அலை பலமாக வரும்; மறுக்ஷணம் மங்கிவிடும். எங்கேயோ இடிக்கும் இடியின் மின்னலும் நடுவே புகுந்து இரையும். ஆதியில் 'விளக்கு எரிகிறது' என்பதற்கு அலையை அனுப்புவதும், 'எரியவில்லை' என்பதற்கு அலையை நிறுத்துவதுமாக இருந்தார்கள். அலை மங்கினால் எரிந்த விளக்கும் எரியாததாகத் தோன்றும். மின்னல் இரைந்தால் எரியாத விளக்கு எரிவதாகத் தோன்றும். இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றாகவே கலந்துபோயின. பற்றுவரவு ஏட்டில் பாக்கி இல்லாத இடத்தில் 'இல்லை' என்று எழுதாமல் வெறுமனே விட்டுவைக்கும் கணக்குப்பிள்ளையினால் வரும் தொல்லையே இது. அது பாக்கியின்மையா, எழுத மறந்ததா என்று யார் சொல்லக்கூடும்?

இதற்குப் பரிகாரமாக வந்ததே இரட்டைச் சுருதி முறை. அலையை நிறுத்துவதில்லை. எரியும் விளக்குக்கு ஒரு சுருதி, எரியாத விளக்குக்கு மற்றொரு சுருதி. நாதஸ்வரக்காரர் இடைவிடாமல் இரண்டே ஸ்வரங்களை மாற்றி மாற்றி ஊதுவதுபோல என்று சொல்லலாம். இரண்டு சுருதிக்கும் உள்ள வித்தியாசம் முற்காலத்தில் விநாடிக்கு 850 துடிப்பு. பிற்காலத்தில் தம் விருப்பத்திற்காக ரேடியோ நடத்துவோர் 170 துடிப்பையே கைக்கொண்டனர். இரண்டாவது உலக யுத்த காலத்தில் இம்முறை எங்கும் பரவிற்று. இல்லை என்பதற்கும் ஒரு குரல் கிடைத்துவிட்டது. ஒரே சுருதி மாத்திரம் மங்கிப்போவதும் உண்டாகையால், ஒன்றுக்கொன்று தூரமாய் இரண்டு ஏரியல்களை நாட்டி, அந்தந்தக் க்ஷணத்தில் எது பலமாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

எனினும் பாதிக் கிணறுதான் தாண்டியாயிற்று. இரண்டு சுருதியும் கேளாதபோது யந்திரம் என்ன செய்யும்? சும்மா இராது. வானத்து இரைச்சலையே சுருதியாக எண்ணிக்கொண்டு, வாயில் வந்த எழுத்துக்களை வரிவரியாக அடித்துத் தள்ளும். மறுமுனையில் நிலையமே மூடிக் கிடந்தாலும் உளறிக்கொண்டிருக்கும். முழு உளறலினால் யாரும் ஏமாறமாட்டார். நல்ல செய்தியின் நடுவே ஒரே ஒரு விளக்கு மாறுவதே ஏமாற்றும்.

சொற்களில் ஓர் எழுத்து மாறினால் பெரிய நஷ்டமில்லை. கப்பல் என்பதில் ஓர் எழுத்துக் கெட்டாலும் படிப்பவர் கப்பல் என்றே அறிந்துகொள்வார். முன்பின் உள்ள சொற்கள் கைகொடுக்கும். இலக்கத்திற்கு அவ்விதத் துணை கிடையாது. 2 என்பதற்கு முதலாவது, இரண்டாவது, ஐந்தாவது ஆகிய மூன்று விளக்குகள் எரிய வேண்டும். நடு விளக்கும் மின்னலினால் எரிந்ததாகத் தோன்றிவிட்டால் அது 1 ஆகிவிடும். 2000 என்பது 1000 என்று அச்சாகும். 8 என்பதில் ஐந்தாவது விளக்கு கூடினால் சைபர். 7 என்பதில் முதல் விளக்கு அணைந்தால் 8. அனுப்பியவர் 2000 மூட்டை என்றார், வாங்கியவர் 1000 மூட்டை என்று படித்தார். இருவர் கையிலும் அச்சடித்த காகிதம். பொய் சொன்னவர் ஒருவருமில்லை.

இங்கே விசித்திரமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இனி இலக்கங்கள்' என்ற கோலத்தில் நடு விளக்கைத் தவிர மற்ற நான்கும் எரியும். 'இனி எழுத்துக்கள்' என்ற கோலத்தில் ஐந்தும் எரியும். ஆகவே ஒரே விளக்கின் பிசகினால் இலக்கம் முழுவதும் எழுத்தாகிவிடும். 2000 என்பது டபிள்யு, பீ, பீ, பீ என்று வந்து நிற்கும். பார்ப்பதற்கு இதுவே மிகப் பெரிய பிழை. உண்மையில் மிகச் சாதுவான பிழை. பொருளற்ற அவ்வெழுத்துக்களைக் கண்டவுடன் பழகிய குமாஸ்தா டைப்ரைட்டரின் மேல்வரிசையை எண்ணி, இது 2000 என்று திருத்திக்கொள்வார். 1953-க்குப் பிறகு, யுத்தத்தில் மிஞ்சிய யந்திரங்களை வாங்கிக் குறுகிய அலையில் நடத்த அமெரிக்காவில் உத்தரவு பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், டீ, ஓ, ஓ என்று வந்தால் சிறிதும் தயங்காமல் 599 என்றே படித்துப் பழகினார்கள். 'உன் குரல் மிக நன்றாகக் கேட்கிறது' என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் மதிப்பு அது. அலங்கோலமாய் வந்த பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. 2000 என்பது 1000 ஆக வந்த பிழையோ நல்ல வேஷம் போட்டுக்கொண்டு வந்தமையால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆகையினால்தான் தந்தி ஆபீஸ்களில் செய்தியிலுள்ள இலக்கங்களை எல்லாம் முடிவில் மறுபடியும் ஒருமுறை அடித்துக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. இரண்டும் ஒத்திருந்தால் சரி. ஒத்திராவிட்டால் எது சரி என்று தெரியாதெனினும், பிசகு உண்டு என்பதாவது தெரியும். ஜெர்மனியில் ருடால்ப் ஹெல் என்பவர் 1929-இல் வேறொரு வழியைக் கண்டார். அவருடைய யந்திரம் எழுத்தின் குறியை அனுப்பாமல், எழுத்தின் உருவத்தையே புள்ளி புள்ளியாக அனுப்பி, நாடாவில் ஒரே வரியை மேலும் கீழுமாக இருமுறை வரைந்து காட்டிற்று. இரைச்சல் வந்தால் புள்ளிகள் சிதறுமே யன்றி ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறாது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மறுபடியும் மனிதன் கண்ணுக்கே வந்தது. பத்திரிகைச் செய்தி ஸ்தாபனங்கள் அதனை நெடுங்காலம் உபயோகித்தன. ஆயினும் ஆள் உட்கார்ந்து பார்க்கவேண்டுமே!

யந்திரமே பிசகை அறியும்படி செய்தவர் ஹாலந்து தேசத்துத் தபால் தந்தி இலாகாவின் என்ஜினீயரான வான் டூரென் என்பவர். 1940-களில் அவர் வகுத்த முறையில் ஐந்து விளக்குகளுக்குப் பதிலாக ஏழு விளக்குகள். ஏழு விளக்குகளால் 128 கோலங்கள் அமைக்கலாம். அத்தனையையும் உபயோகிப்பதில்லை. எந்த எழுத்தாயினும் ஏழில் இத்தனைதான் எரியலாம் என்று ஒரே விதி. மூன்று எரிந்து நான்கு அணைந்திருக்கும் கோலங்களை எண்ணினால் 35 கிடைக்கும். எழுத்துக்களுக்கு அது போதும். மிச்சமுள்ள 93 கோலங்களும் வெறும் காவலாக நிற்பவை. மின்னல் ஒரு விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் தொகை மூன்றாக இராது. யந்திரம் உடனே அடிப்பதை நிறுத்தி, மறுமுனைக்கு 'திரும்ப அனுப்புக' என்று தானே சமிக்ஞை கொடுக்கும். அனுப்பும் யந்திரம் சில எழுத்துக்கள் பின்வாங்கி மறுபடி அனுப்பும். ஊரார் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுபவன் மாலையில் தலை எண்ணிப் பார்ப்பதையே யந்திரம் எழுத்துக்கு எழுத்து செய்கின்றது. வான் டூரென் புதிதாக ஒரு செய்தியையும் அனுப்பவில்லை. இரண்டு விளக்குகளை அதிகமாகச் செலவழித்துச் சந்தேகப்படும் அறிவை யந்திரத்திற்குக் கொடுத்தார். வேகம் சிறிது குறைந்தது வாஸ்தவமே. அந்தச் செலவைக் கொடுக்கலாகாது என்று வாதித்தவர் எவரேனும் இருந்தால், அவர் இலக்கங்கள் உள்ள தந்தியை ஒருபோதும் பெறாதவராகவே இருக்க வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒரே எழுத்தில் ஒரு விளக்கு அணைந்து வேறொரு விளக்கு ஏறிவிட்டால் தொகை சரியாகவே இருக்கும். பிசகு தப்பிச் செல்லும். அது அபூர்வம்.

கப்பல்களுக்காக இம்முறையைச் சுருக்கி அமைத்தபோது வந்த ஏற்பாடு கேட்பதற்கும் வேடிக்கையானது. அனுப்பும் யந்திரம் மூன்றே எழுத்துக்களை, ஆயிரத்தில் 210 கூறு காலத்தில், விரைவாகச் சொல்லும். உடனே வாயை மூடி 240 கூறு காலம் காது கொடுக்கும். அதற்குள் மறுமுனை, சரி என்றோ, திரும்பச் சொல் என்றோ ஒரே குறியில் விடை கொடுக்கும். சரியென்றால் அடுத்த மூன்று. இல்லையேல் அதே மூன்று. ரேடியோவில் கேட்டால் சிள்வண்டு விட்டு விட்டுக் கத்துவதுபோல இருக்கும். 1980-கள் முதல் டெலிபிரிண்டர் யந்திரங்கள் பெரும்பாலும் ஒழிந்து கம்ப்யூட்டர்கள் அவ்விடத்திற்கு வந்தன. இந்தியாவிற் பொதுஜனங்களுக்கு இருந்த தந்தியும் 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நின்றது. யந்திரம் போயிற்றே யன்றி முறை போகவில்லை.

இனி, ஒரே செய்தியைக் கடலிலுள்ள எல்லாக் கப்பல்களுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டுமானால் என்ன செய்வது? புயல் வருகிறது என்று தண்டோரா போடும்போது, நூறு கப்பல்களும் 'திரும்பச் சொல்' என்று ஒருங்கே கூவினால் நடவாது. இதற்காக ஏற்பட்டதே நாவ்டெக்ஸ் என்னும் கடல் எச்சரிக்கை ஏற்பாடு. சர்வதேச ஒப்பந்தப்படி, தேசாந்தரம் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களும், பிரயாணிக் கப்பல்கள் எல்லாமும், 1993-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதிக்குள் இதைப் பெறும் கருவியை வைத்திருக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. கட்டுமரக்காரருக்கு இவ்விதி இல்லை. அவருக்கு வேறு வழியில்தான் செய்தி போகவேண்டும். நமது சமுத்திரக் கரையில் அமைக்கப்பெற்ற நாவ்டெக்ஸ் நிலையங்களுள் கன்னியாகுமரி ஜில்லா முட்டமும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையும் சேர்ந்தவை.

இந்த ஏற்பாட்டில் ஏழு விளக்குக் கோலமே கையாளப்படுகிறது. எரிபவை நான்கு என்பது மாத்திரம் வித்தியாசம். திரும்பக் கேட்க வழியில்லாமையால் ஒவ்வோர் எழுத்தையும் கேட்காமலே இருமுறை அனுப்புகிறார்கள். அடுத்தடுத்து அனுப்புவதில்லை. ஓர் எழுத்தைச் சொன்னபின் வேறு எழுத்துக்களை இடையிலே விட்டு, ஆயிரத்தில் 280 கூறு காலம் கழித்தே அதே எழுத்து இரண்டாந் தடவை வருகிறது. மின்னல் ஒன்று இரண்டையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது என்பதே காரணம். விதைநெல்லை முழுவதும் ஒரே குதிரில் கொட்டி வைக்காத குடியானவருக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை. முதல் தடவையில் தொகை சரியாயிருந்தால் அந்த எழுத்து. இல்லாவிடில் இரண்டாந் தடவையில் வந்த எழுத்து. இரண்டிலும் தொகை தவறினால் யந்திரம் எதையும் ஊகிக்காது. அவ்விடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை மாத்திரம் அச்சிட்டுவிட்டு மேலே செல்லும்.

மாலுமியின் கையில் உள்ள காகிதத்தில் காற்றின் வேகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு 5-ம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்க. அது 35 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். பழைய ஐந்து விளக்கு யந்திரமாயிருந்தால் இரண்டில் ஒன்றைத் தயங்காமல் அடித்திருக்கும். 35 என்று கண்டவர் பாயையும் சரக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு போயிருப்பார். நட்சத்திரத்தைக் கண்டவரோ பெரிய எண்ணையே மனத்திற்கொண்டு சரக்கைக் கட்டி, கதவுகளை அடைத்து, பக்கத்து நிலையத்தாரையோ வேறு கப்பலையோ பேச்சு ரேடியோவில் விசாரிப்பார். இதற்கிடையில் கருவியும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. நூற்றுக்கு நான்கு எழுத்துக்குமேல் கெட்டுப்போன செய்தியின் எண்ணை அது பெற்றுக்கொண்ட கணக்கிற் சேர்ப்பதில்லை. நிலையத்திற்குரிய முறை நான்கு மணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம் வீதம் வரும். அடுத்த முறை வந்ததும் அதே செய்தியை மறுபடியும் முதலிலிருந்து அச்சிட்டு வைக்கும். அதிலாவது அந்த நட்சத்திரம் இருந்த இடத்தில் ஓர் இலக்கம் இருக்கிறதா என்று மாலுமி பார்த்துக்கொள்வார்.